டாக்டர் லவீனியாவின் சோப்பு

அமெரிக்காவின் தெற்கே ஒரு கறுப்பினப் பெண் டாக்டராகி, தன் மக்களுக்குக் கிணறு வெட்டி, சோப்பும் கொடுத்தால் வெள்ளைக்காரர்களுக்குப் பொறுக்குமா? லவீனியாவின் ஆஸ்பத்திரியைக் கொளுத்த முப்பது பேர் வந்தார்கள், குறைத்துத்தான் சொல்கிறேன். முதல் தீயை யார் வைப்பது என்று அவர்களுக்குள்ளேயே கத்திக்குத்து. தலைவன் கார்விக்கின் வயிறு கிழிந்தது. மற்றவர்கள் ஓடிவிட்டார்கள். சரிந்த குடலை அள்ளிப் பிடித்தபடி அவன் வாசலுக்கு வந்தான்.

“ஏய், தையல் போடுடி!”

“ரெண்டு கையையும் கழுவிட்டு உள்ள வாங்க,” என்று லவீனியா தண்ணீர்த் தொட்டியைக் காட்டினார். “இங்க எல்லாருக்கும் அதான் சட்டம்.”

“செத்துருவேன்டி!”

“கழுவாம வந்தாலும் சீழ் பிடிச்சு சாவீங்க. சீக்கிரம்.”

கார்விக் குனிந்து பார்த்தான். ஒரு கையில் குடல். மறுகையில் தீப்பந்தம். எதைக் கீழே வைப்பது என்று யோசித்துக்கொண்டே நின்றான். பந்தம் விரல்வரை எரிந்து வந்துவிட்டது.