வெங்காயம் வைத்திருக்கும் பெட்டி

தஞ்சாவூர் கீழவாசலில் மார்கழிக் காலை. சாக்கடை மூடியின் விளிம்பெல்லாம் ஆட்டுக் கொழுப்பு வெள்ளையாக உறைந்து பிதுங்கி நிற்க, அடைத்துக்கொண்ட கறுப்புத் தண்ணீர் ஃபிளோராவின் தையல் கடைப் படியில் ஏறுகிறது. துடைப்பமும் கையுமாக அவள் பக்கத்து பிரியாணிக் கடையின் பின்கட்டைப் பார்க்கிறாள். கழிவுநீரிலிருந்து கொழுப்பைப் பிரிப்பதற்காக அதிகாரிகள் வைக்கச் சொன்ன எவர்சில்வர் பெட்டி அங்கே கீறல் விழாமல் பளபளக்கிறது. குழாய் எதுவும் அதில் சேரவில்லை; உள்ளே வெங்காயம் கிடக்கிறது. துபாய் ஹோட்டலில் பல வருஷம் இதே மாதிரிப் பெட்டியை வழித்துக் கழுவிய ஃபாஜில்தான் இங்கே முதலாளி. நேற்றைய சால்னா அண்டாவை அவனே தூக்கி வந்து சாக்கடைக்குள் கவிழ்க்கிறான். “துபாய்லயும் இப்படித்தான் ஊத்துனியா, தம்பி?” என்கிறாள் ஃபிளோரா. அவன் நிமிரவில்லை. கடைசிச் சொட்டும் விழ அண்டாவின் அடியை நிதானமாகத் தட்டுகிறான். “அங்க ஊத்துனா ஊருக்கு அனுப்பிடுவாங்கக்கா.”