வாய் திறக்காத அம்மா

"நரெல், நீங்க எங்கே இருக்க ஆசைப்படறீங்க?"

விசாரணை அதிகாரி கேட்டுவிட்டுக் காத்திருந்தார்.

நரெலுக்கு முப்பத்து நாலு வயது. ஆஸ்திரேலியாவில் பண்டபர்க் என்ற ஊரில், மக்கடாமியா கொட்டையைப் பொட்டலம் போடும் கொட்டகையில் வேலை. எதையும் புரிந்துகொள்ளக் கொஞ்சம் நேரமாகும். வார்த்தை வர அதைவிட நேரமாகும். அதனால் அம்மா கிளெனிஸ்தான் சட்டப்படி அவளுக்குப் பாதுகாவலர். எங்கே தங்குவது, யாரோடு பழகுவது, எந்த டாக்டரிடம் போவது, எல்லாம் அம்மா சொல்வதுதான். அப்பா போனபிறகு வீட்டில் இவர்கள் இரண்டே பேர்.

அந்தப் பாதுகாவல் உத்தரவை ரத்து செய்யச் சொல்லி நரெலே மனுப் போட்டிருந்தாள். தன் விருப்பத்தைத் தானே சொல்லிவிட்டால், இனி அவள் வாழ்க்கை அவள் கையில். சொல்ல முடியாவிட்டால் இன்னும் ஐந்து வருடம் இதே நிலைதான்.

"நா... நான்..."

கழுத்து சிவந்தது. பக்கத்து நாற்காலியில் இருந்த அம்மாவைப் பார்த்தாள்.

கடையிலோ சர்ச்சிலோ யார் நரெலை விசாரித்தாலும் பதில் கிளெனிஸிடமிருந்துதான் வரும். இத்தனை வருடப் பழக்கம். இன்று அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா..."

கிளெனிஸ் திரும்பவே இல்லை.

பின்வரிசையில் இருந்த சித்தி டல்சிக்குப் பொறுக்கவில்லை. "நீயாவது சொல்லேன்க்கா! பிள்ளை தவிக்குது பாரு!"

"குறுக்கே பேசாதீங்க," என்றார் அதிகாரி.

நரெல் மேசை விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"டெஸ்... கொட்டகை டெஸ் கூட. ஆத்தோரமா... ஒரு ஃபிளாட். சாவி எங்கிட்ட. அம்மா வந்தா... கதவைத் தட்டிட்டு வரணும்."

அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "தட்டாம வந்தா?"

"டீ கிடையாது."

உத்தரவு ரத்தானது.

வெளியே வந்ததும் நரெல் போனை எடுத்துக்கொண்டு மரத்தடிக்கு ஓடினாள். "டெஸ்! டெஸ்!" என்று கத்துவது கார்கள் நிற்கும் இடம்வரை கேட்டது.

டல்சி தன் அக்காவைப் பிடித்துக்கொண்டாள்.

"பெத்தவதானா நீ? கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கே! பஸ்ல பக்கத்து சீட்டுக்காரி கூட ஒரு வார்த்தை எடுத்துக் குடுத்திருப்பா."

"பயமா இருந்துச்சு, டல்சி."

"யாரைப் பார்த்துப் பயம்? அந்த அதிகாரியைப் பார்த்தா? நீயா? முனிசிபாலிடிக்காரனையே வாசல்ல நிக்க வெச்சு விரட்டினவ!"

கிளெனிஸ் மரத்தடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். மகள் குதித்துக் குதித்துப் பேசிக்கொண்டிருந்தாள்.

"நான் வாயைத் திறந்திருந்தா, 'என்கூடத்தான்'னு வந்திருக்கும்டி."