கெட்டிலும் கூட வரட்டும்

வாயில் வைத்த டீயை அப்படியே வாஷ்பேசினில் துப்பினார் ஆய்வாளரம்மா.

நாக்கில் ஏதோ செதில் ஒட்டியிருந்தது. விரலால் வழித்து எடுத்துப் பார்த்தார். வெள்ளையாக, வெயிலில் உரிந்த தோல் மாதிரி இருந்தது.

கெட்டிலின் மூடியைத் திறந்தார். உள்ளே சுற்றிலும் சொரசொரவென்று வெள்ளைப் பொருக்கு. வருஷக்கணக்கில் பல் விளக்காத ஒருவன் பக்கத்தில் வந்து கொட்டாவி விட்டதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையின் விருந்தினர் விடுதி அது. ஆலையை ஆய்வு செய்ய வந்திருந்த அவர் கையெழுத்துப் போட்டால்தான் அதன் ஒப்பந்தம் நீளும். அதனால் விடிந்ததிலிருந்து மேனேஜர் அவரை அட்டைபோல் ஒட்டிக்கொண்டிருந்தார். கூடவே ஃபோர்மேன். மேனேஜருடைய மனைவியின் தம்பி என்பதால் ஆலை முழுக்க அவருக்குப் பெயரே ‘மச்சான்’தான்.

கெட்டிலுக்குள் எட்டிப் பார்த்த மேனேஜர் மூக்கைப் பொத்திக்கொண்டு சமையல்காரம்மாவைக் கூப்பிட்டார். ஈரக் கையோடு ஓடி வந்தார் அந்த அம்மா.

“நாயக் குளிப்பாட்டி நடுவீட்ல வெச்சாலும்னு சும்மாவா சொன்னாங்க? இதுலயா மேடத்துக்கு டீ போட்ட?”

“தெனமும் தேய்ச்சுத்தான் வைக்கிறேன் சார். திரும்பத் திரும்பப் புடிச்சுக்குது.”

“அப்ப கெட்டிலுக்குச் சொறி வந்திருக்கு மாமா, களிம்பு தடவச் சொல்லுங்க” என்றார் மச்சான். சொன்னதற்கு அவரே சிரித்தும் கொண்டார்.

ஆய்வாளரம்மா சிரிக்கவில்லை. எந்தத் தண்ணீரை ஊற்றினீர்கள் என்று கேட்டார். சமையல்காரம்மா சமையலறைக் குழாயைக் கை காட்டினார். விடுதியில் இருந்தது அந்த ஒரு குழாய்தான்.

மேனேஜர் முந்திக்கொண்டார். ஊருக்குப் போகும் அதே தொட்டியிலிருந்து நேராக இங்கே வருகிறதாம். கடல்நீரை வடிகட்டும் சவ்வு உப்பையெல்லாம் தடுத்துவிடுமாம், தாண்டி வருவது மழைத் தண்ணீர் மாதிரியாம். ஒரு குடத்தைக் காய்ச்சி வற்ற வைத்தாலும் அடியில் ஒரு பொட்டுக்கூட மிஞ்சாதாம்.

“நம்ம தண்ணி தங்கம் மேடம். அழுக்கு இவ கையிலதான்.”

சொன்ன கையோடு, இன்றைக்கே மூட்டையைக் கட்டு என்று சமையல்காரம்மாவுக்கு உத்தரவும் போட்டார். அந்த அம்மா ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டார். கிணறுகள் ஒவ்வொன்றாக வற்றி அவருடைய தெருவே காலியான பிறகு, விடுதியின் பின்னால் இருந்த ஓர் அறைதான் அவருக்கும் பள்ளிக்கூடம் போகும் மகளுக்கும் வீடு. வேலை போனால் அதுவும் போகும்.

“மேடம், நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லுங்க.”

ஆய்வாளரம்மா கெட்டிலின் உட்புறத்தை நகத்தால் சுரண்டினார். நகத்தில் வந்ததைப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

“இதக் கழுவ வேணாம். அப்படியே எடுத்துக்கிட்டு ஆலைக்கு வாங்க. அங்க வெச்சுப் பேசிக்கலாம்.”

மேனேஜருக்கு உச்சி குளிர்ந்தது. சமையல்காரம்மாவை நாலு பேர் பார்க்க வைத்து வாங்கு வாங்கென்று வாங்கப் போகிறார் என்று மச்சான் அவர் காதில் ஓதினார்.

ஆலைக் கூடத்தில் ஆளுயரத்துக்கு மேல் அடுக்கடுக்காக நீளக் குழாய்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் பாய்போல் சுருட்டிய சவ்வுச் சுருள்கள் வரிசையாக இருக்கும். தண்ணீர் போகப் போக உப்பு செறிந்து, கடைசிச் சுருளில்தான் அதிகம் படியும்.

அந்தக் கடைசிச் சுருளைத்தான் ஆய்வாளரம்மா கேட்டார், அதுவும் ஆலை தொடங்கியதிலிருந்து மாற்றாததாக.

மற்ற ஆலைகளில் அவர் பார்த்திருக்கிறார். சீழ் காய்ந்த நிறத்தில் படிவு இருக்கும், உளியால் பெயர்க்க வேண்டியிருக்கும், அழுகிய முட்டை நாற்றம் துணியைவிட்டுப் போகாது. ஒருமுறை அதைப் பார்த்துவிட்டு வந்து அன்று முழுக்கச் சாப்பாட்டில் கை வைக்கவில்லை. அதனால் முகமூடியும் கையுறையும் மாட்டிக்கொண்டு மூச்சைப் பிடித்தபடி நின்றார்.

மச்சான் சுருளை உருவி மேஜைமேல் போட்டார். கத்தியால் நீளவாக்கில் கிழித்து, தாள் தாளாக விரித்தார்.

நாற்றம் இல்லை. ஒரு துகள் இல்லை. கடையிலிருந்து வாங்கி இன்னும் ஒருவரும் படுக்காத விரிப்புபோல் வெள்ளை வெளேரென்று கிடந்தது.

“வேற எந்த ஆலையிலயாவது இப்படிப் பாத்திருக்கீங்களா மேடம்?” மேனேஜர் பேனாவைத் திறந்தே நீட்டினார். தங்களுடைய பராமரிப்பு அப்படி என்றார். இந்த ஆலை மட்டும் வராமல் போயிருந்தால், கிணறு வற்றிப்போன இந்த ஊர் நாக்கு வறண்டு செத்திருக்கும் என்றார்.

“இல்ல, பாத்ததே இல்ல” என்றபடி முகமூடியைக் கழற்றினார் ஆய்வாளரம்மா. பேனாவை வாங்கவில்லை. டீயைத் துப்பியபோது இருந்த அதே குமட்டல் இப்போதும் அவர் முகத்தில் இருந்தது.

சமையல்காரம்மா கையிலிருந்த கெட்டிலை வாங்கினார். வாய் பிளந்த வாக்கில் அதை அந்த வெள்ளைத் தாளின்மேல் வைத்தார்.

“உப்பு படிய வேண்டியது இந்தத் தாள்ல. படியவே கூடாதது இந்தக் கெட்டில்ல.”

மேனேஜர் திறந்து நீட்டிய பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார். மச்சான் பின்வாசல் எந்தப் பக்கம் என்பதுபோல் திரும்பிப் பார்த்தார். சமையல்காரம்மா மட்டும் ஒன்றும் விளங்காமல், தன்னைத் திட்டப்போகிறார்கள் என்று காத்து நின்றார்.

ஆய்வாளரம்மா அவர் தோளில் கை வைத்துக்கொண்டு மேனேஜரைப் பார்த்தார்.

“கடலே தொடாத சவ்வு இது. இவங்க தெருக் கிணத்தையா ஊருக்கு வித்தீங்க?”