பால் காய்ச்சாத வீடு

"உங்க ஃபிரெண்டு கூத்தைக் கேட்டீங்களா? இருந்த ஷெட்டை யாருக்கோ வாடகைக்கு விட்டுட்டு, கதவுகூட வைக்காத வீட்டுல போய்ப் படுத்துகினு இருக்காராம்," என்றாள் என் மனைவி.

எனக்குச் சுர்ரென்று வந்தது.

ராஜேந்திரனும் நானும் மைன்ஸ்ல முப்பது வருஷம் ஒரே ஷிஃப்ட். ரெண்டு பேரும் ஒரே மாசத்துல ரிட்டயர் ஆனோம். டவுன்ஷிப் ஆர்ச் கேட்டுக்கு வெளியே ஒரே நகர்ல மனை வாங்கினோம். நான் முன்யோசனைக்காரன். குவார்ட்டர்ஸ்ல இருந்துகினே வீட்டைக் கட்டி முடிச்சு, ஆவணியில ஐயர், ஹோமம், பசுமாடு, கன்னுக்குட்டின்னு ஒரு குறை இல்லாம கிரகப்பிரவேசம் பண்ணிட்டேன்.

அவன் அப்படி இல்ல. குவார்ட்டர்ஸைக் காலி பண்ணும்போது அவன் வீட்டுக்கு ஜன்னல் மேல லிண்டல்கூட போடல. மனையிலேயே ஒரு ஓரமா தகர ஷெட்டு போட்டுக் குடிவந்துட்டான்.

ஷெட்டுன்னா சும்மா சொல்லக்கூடாது. சிமெண்ட் தரை, ஃபேன், ஒட்டினாப்பல பாத்ரூம். அவன் மனைவி அமிர்தத்துக்கு வீசிங் தொந்தரவு. அதனால ஒரு சொட்டு ஒழுகாம பார்த்துப் பார்த்துப் போட்டிருந்தான். இப்ப ஐப்பசி மழையில அந்த அம்மாவை ஈர சிமெண்ட்டுல படுக்க வெச்சிருக்கானா? குடையை எடுத்துகினு நேரா கிளம்பினேன்.

வீட்டு வாசல்ல கதவுக்குப் பதிலா ஒரு தார்ப்பாய் தொங்கியது. உள்ளே செங்கல் மேல கேஸ் அடுப்பு. அமிர்தம் என்னவோ காய்ச்சிக்கொண்டிருந்தாள்.

"வாங்கண்ணே. செருப்போடயே வாங்க, தரை இன்னும் போடல."

ராஜேந்திரன் சிமெண்ட் மூட்டை மேல உட்கார்ந்து நிம்மதியா பேப்பர் படித்துக்கொண்டிருந்தான்.

"ஏன்டா, பால் காய்ச்சாம ஒரு வீட்டுக்குள்ள குடிவரலாமாடா? அடுத்த வாரம் முகூர்த்தம்னு பத்திரிகை எல்லாம் கொடுத்தே?"

"அதைத் தைக்குத் தள்ளிட்டேன்டா. இங்க காத்து நல்லா வருது."

"ஜன்னலே இல்லன்னா காத்து வராம என்ன பண்ணும்?"

அமிர்தம் சிரித்தாள். "குவார்ட்டர்ஸ்ல கதவுக் கொண்டி ஆடினாக்கூட கம்ப்ளெயிண்ட் எழுதிப் போடுவேண்ணே. நேத்து சாரல் அடிச்சதும் எந்த ஆபீஸ்ல எழுதிப் போடலாம்னு யோசிச்சுட்டு, அப்புறந்தான் நம்ம சொந்த வீடாச்சேன்னு ஞாபகம் வந்துச்சு."

சொல்லும்போதே இருமினாள். எனக்கு மனசு கேட்கவில்லை.

"பார்த்தியாடா? இழுப்பு வந்தா யாரு பதில் சொல்றது? அப்படி என்ன வாடகை குடுக்குறான் அந்த ஷெட்டுக்கு?"

புருஷனும் பொண்டாட்டியும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

அந்த நேரம் ஷெட்டுக்குள்ளிருந்து ஒரு குழந்தை வீலென்று அழுதது.

"இதான்டா வாடகை," என்றான் ராஜேந்திரன்.

"சித்தாள் வேலை பார்க்குற பொண்ணுண்ணே. கள்ளக்குறிச்சிப் பக்கம். குழந்தை பொறந்து எட்டு நாள் ஆவுது. ஆஸ்பத்திரியிலேருந்து வந்து பார்த்தா, அவங்க கட்டியிருந்த கொட்டாய்ல முழங்கால் தண்ணி. பச்சைப்பிள்ளையோட அந்தப் பொண்ணு எங்க போவும்?" என்றாள் அமிர்தம்.

"சரிம்மா, இரக்கம் வேணுந்தான். அவங்களை இந்த வீட்டுல விட்டுட்டு நீங்க ஷெட்டுல இருந்திருக்கலாமே?"

"கதவு இல்லாத வீட்டுல, இந்த மழையில, எட்டு நாள் குழந்தையவா?"

இருந்தாலும் எனக்கு விட மனசில்லை.

"தீட்டுடா ராஜேந்திரா. வேலைக்காரங்கன்னாலும் நம்ம மனைக்குள்ள இருக்காங்க இல்ல? புது வீடு. முப்பது வருஷமா தங்கச்சி ஆசைப்பட்ட வீடு."

"ஆசைப்பட்டேந்தாண்ணே. முதல் நாள் ராத்திரி எனக்கும் திக்குதிக்குன்னுதான் இருந்துச்சு. காலையில அந்தக் குழந்தை சத்தம் கேட்டுதான் முழிச்சேன். இதைவிட நல்ல நேரத்தை எந்த ஐயர் குறிச்சுக் குடுக்கப் போறாருன்னு தோணிச்சு. இப்ப நிம்மதியா தூங்குறேன்."

அடுப்பிலிருந்து பூண்டுபோட்ட பாலை இறக்கி டம்ளரில் ஊற்றினாள். மழை தூறிக்கொண்டிருந்தது. நான் குடையைப் பிடித்துக்கொண்டு அவள்கூட ஷெட்டு வரைக்கும் நடந்தேன். ஷெட்டு கதகதன்னு சாம்பிராணி வாசனையோட இருந்தது.

காதை மூடித் துண்டு கட்டிய ஒரு பெண் குழந்தையோட வாசலுக்கு வந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தாள்.

"சார், நீங்களா? வூட்ல அம்மா நல்லா இருக்காங்களா? பொண்ணு பொறந்திருக்கு சார்."

நான் குடையைக் கொஞ்சம் தாழ்த்திப் பிடித்தேன்.

"உனக்கு அண்ணனைத் தெரியுமா வீராயி?" என்றாள் அமிர்தம்.

"தெரியாம என்னம்மா? முந்தி சார் வூடு கட்டுனப்ப அங்கதான் வேலை செஞ்சிகினு இருந்தோம். ரொம்ப நல்ல மாதிரி."

ஆவணியில, எங்க கிரகப்பிரவேசத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது, வீட்டுக்குத் தீட்டு பட்டுடும்னு எட்டு மாச வயித்தோட இவளை எங்க மனையில வேலைக்காரங்க தங்கியிருந்த ஷெட்டை விட்டு அனுப்பினவன் நான்தான்.