திரும்பு

"காலரைக் கொஞ்சம் கீழே இறக்குங்க."

"எதுக்கு சார்?"

"பூச்சி ஒண்ணு ஊர்ற மாதிரி இருக்கு."

லிஃப்ட் மெக்கானிக் பொய் சொன்னான். பூச்சியும் இல்லை, புழுவும் இல்லை. ஆறாவது மாடி வருவதற்குள் முன்னால் நிற்கும் ஆளின் பிடரியைப் பார்த்தாக வேண்டும். தொண்டை பெரிது என்பதால் எல்லோரும் ‘வால்யூம்’ என்று கூப்பிடும் இந்த ஒலிப்பதிவாளர்தான், மெக்கானிக்கின் மனைவி போட்ட பாட்டைக் கடைசியாகச் சீர்செய்து கொடுத்தவர்.

வால்யூம் காலரை இறக்கினார். பிடரி துடைத்து வைத்ததுபோல் சுத்தமாக இருந்தது.

"போயிடுச்சா?"

"போயிடுச்சு."

"சார், உங்க வீட்டம்மா பாட்டு எங்கேயோ போயிடுச்சு! அதுலயும் அந்த மச்சம் வரி இருக்கே..." வால்யூம் கண்ணடித்தார். "யாரு சார் அந்த மச்சக்காரன்?"

மெக்கானிக் ஆறாவது மாடிப் பொத்தானை இன்னொரு முறை அழுத்தினான். அது தெரிந்தால் அவன் ஏன் ஊரான் பிடரியைப் பார்த்துக்கொண்டு திரிகிறான்?

அந்தப் பாட்டை அவள் வீட்டிலேயே செய்தாள். துணி அலமாரிக்குள் மைக்கை வைத்து, கதவைச் சாத்திக்கொண்டு, வியர்க்க வியர்க்கப் பாடினாள். பிறகு லேப்டாப்பில் தன் குரலையே வெங்காயம் மாதிரி நறுக்கி, ‘திரு... திரும்... திரும்பு... திரும்பு’ என்று அடுக்கி, அடியில் தும் தும்மென்று ஒரு தாளத்தை ஓடவிட்டாள். முதலில் அவனுக்குத்தான் போட்டுக் காட்டினாள். அந்த நேரம் பார்த்து எங்கேயோ லிஃப்டுக்குள் ஐந்து பேர் மாட்டிக்கொண்டார்கள். போனைக் காதிலிருந்து எடுக்காமலேயே கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டுக் கிளம்பிவிட்டான்.

வெளியான பத்தே நாளில் பாட்டு பற்றிக்கொண்டது. பேருந்தில், உடற்பயிற்சிக் கூடத்தில், அவன் பழுதுபார்க்கும் லிஃப்டுகளுக்குள் எல்லாம் அதே ‘திரும்பு’. பிரிந்துபோன காதலனை என்னமாய்த் திரும்பி வரச் சொல்கிறாள் என்று ஆளாளுக்கு உருகினார்கள். ஒரு நாள் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுபோன லிஃப்டுக்குள் உட்கார்ந்துதான் அவன் பாட்டை முதன்முதலாக முழுசாகக் கேட்டான்.

‘உன் பிடரியில் எள்ளாய் ஒரு மச்சம்... எனக்கு மட்டும் தெரிந்த மிச்சம்...’

அவன் உடம்பில் மச்சமே கிடையாது. படிவத்தில் அங்க அடையாளம் கேட்டால் முழங்கால் தழும்பைத்தான் எழுதுவான்.

"யாரு அந்த ஆளு?" என்று அன்றே கேட்டான்.

"எந்த ஆளு?"

"மச்சம் வச்சவன்!"

அவள் கண் கொட்டாமல் அவனைப் பார்த்தாள். "நிஜமாத்தான் கேக்குறீங்களா?"

"பின்ன, விளையாட்டுக்கா? அவ்வளவு ஆசை இருந்தா அவன்கிட்டயே போய்ச் சொல்ல வேண்டியதுதானே?"

"அவர்கிட்டதாங்க சொல்லிக்கிட்டே இருக்கேன். காதுல விழுந்தாத்தானே?"

போதாதா? அதற்குப் பிறகு மூன்று வாரமாகப் பேச்சுவார்த்தை இல்லை. எப்போதும்போல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு போனில் புகார்களைப் படித்தான். பகலெல்லாம் வேட்டை. லிஃப்டில் எல்லோரும் கதவைப் பார்த்துத்தான் நிற்பார்கள். பின்னால் நிற்பவனுக்குப் பிடரிகளுக்குப் பஞ்சமில்லை. அவளோடு படித்தவர்கள், அவளுக்குக் கீபோர்டு விற்றவர், பக்கத்து வீட்டுப் பல் மருத்துவர், யாரையும் அவன் விடவில்லை. ஒருவனுக்கும் மச்சம் இல்லை. நிம்மதி வரவேண்டிய இடத்தில் அவனுக்கு இன்னும் கொதித்தது.

இன்று காலை அவள் பெட்டி கட்டினாள். மேடை நிகழ்ச்சிகள், மூன்று மாதம், பதினோரு ஊர்.

"ஆறு மணிக்கு ரயில். போக வேண்டாம்னு ஒரு வார்த்தை சொன்னா போகலைங்க."

"என்னைக் கேட்டா பாட்டு எழுதின?" என்று செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டான்.

வால்யூமையும் பார்த்தாயிற்று. பட்டியலில் இனி ஆளில்லை. கால்கள் தாமாகவே முடிதிருத்தும் கடைக்குள் நுழைந்தன. பாட்டைப் பாராட்டி வந்த அழைப்புகள் தாங்காமல் போனை அணைத்துவிட்டிருந்தான். கடை ரேடியோவை யார் அணைப்பது? அதுவும் ‘திரும்பு, திரும்பு’ என்றது.

முடி வெட்டி முடித்தவர், வழக்கம்போல் ஒரு சின்னக் கண்ணாடியை அவன் தலைக்குப் பின்னால் பிடித்தார்.

"பின்னாடி இவ்வளவு போதுமா சார்?"

பன்னிரண்டு வருடமாக அதே கேள்வி. பன்னிரண்டு வருடமாக அவனும் போனிலிருந்து தலையை எடுக்காமல் "போதும்" என்றுதான் சொல்லியிருக்கிறான். இன்று கையில் போன் இல்லை. வேறு வழியில்லாமல் நிமிர்ந்து எதிர்க் கண்ணாடியைப் பார்த்தான்.

"அது என்னங்க கறுப்பா? மையா?"

"நல்லா கேட்டீங்க போங்க! மச்சம் சார். ஒவ்வொரு தடவையும் அதுமேல கத்தி படாம இழுக்குறதுக்குள்ள எனக்கு உயிர் போகுது."

தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். பிடரியும் அப்படித்தான் போலிருக்கிறது. கடிகாரம் ஐந்தரையைக் காட்டியது. கழுத்தில் கட்டிய வெள்ளைத் துணியோடு, "சார், சார்!" என்ற குரலையும் கேட்காமல், அவன் ரயில் நிலையத்தைப் பார்த்து ஓடினான்.

அவள் யாரையும் திரும்பி வரச் சொல்லவில்லை. கல்யாணமான இந்த ஒன்பது வருடமாகத் திரும்பிப் படுக்கத்தான் சொல்லியிருக்கிறாள்.