கறுப்பு முடிக்காரன்

டண்டீ நகரில் 1942 பிறந்து விடிந்த காலை. யாரோ கதவைத் தட்டினார்கள். எல்ஸ்பெத் சாவித் துவாரம் வழியாகப் பார்த்துவிட்டுத் தாழ்ப்பாளை இன்னும் இறுக்கினாள்.

"யாருடி?" என்றார் கணவர் டூகல். அவருக்குக் காது மந்தம்.

"ஸெனோன்."

"யாரு?"

"நம்ம போலந்துப் பட்டாளத்துப் பையன்!" என்று கத்தினாள்.

"தெறந்து விடேன். ஞாயித்துக்கிழமை தவறாம நம்மகூடச் சாப்பிடுறவன். பனி கொட்டுது."

"வருஷம் பொறந்து இன்னும் யாரும் வாசப்படி மிதிக்கல. மஞ்ச முடிக்காரன் மொதல்ல மிதிச்சா வீட்டுக்கு ஆகாது. நம்ம புள்ள அலெக் போர்க்கப்பல்ல இருக்கான். கறுப்பு முடிக்காரன் யாராவது வந்துட்டுப் போகட்டும்."

"பாவம்டி, ஊரைப் பறிகொடுத்துட்டு வந்தவன்."

"எனக்கு மட்டும் உறுத்தலையா? நல்லவேளை, நம்ம பேச்சு அவனுக்குப் பாதி புரியாது."

தட்டுவது நின்றது. பூட்ஸ் சத்தம் படியிறங்கிப் போனது. எல்ஸ்பெத் கதவில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றாள்.

கொஞ்ச நேரத்தில் மறுபடி தட்டல். பக்கத்துத் தெரு ராங்கின், கரிய தலை. அப்பாடா என்று திறந்தாள். அவர் உள்ளே வந்து, புதுவருஷத்தில் முதலில் வருகிறவர் கொண்டுவரும் வழக்கப்படி நிலக்கரித் துண்டு ஒன்றை அவள் கையில் வைத்தார்.

"நீங்களா நெனச்சு வந்தீங்களே, புண்ணியமாப் போச்சு!"

"நானாவது வர்றதாவது! படுத்துக் கெடந்தவனை உங்க போலந்துக்காரன்தான் இழுத்துட்டு வந்தான். 'என் முடி மஞ்சள், அந்தம்மா பயப்படுறாங்க, நீங்க முதல்ல போங்க'ன்னான். கரிகூட அவன் குடுத்ததுதான்."

எல்ஸ்பெத் படிக்கட்டுக்கு ஓடினாள். கீழே பனியில், ஒரு முடிகூட வெளியே தெரியாமல் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு ஸெனோன் நின்றிருந்தான்.

"இப்ப நான் வரலாமாம்மா?" என்றான்.