டப்ளின் மிருதுளா

மகள் மிருதுளாவை எந்த நாட்டுக்குப் படிக்க அனுப்புவது என்று வசுமதி தவித்துக்கொண்டிருந்தபோது, தில்லைநகர் கன்சல்டன்சிக்காரர் அவளுடைய போனில் டப்ளினுக்கு ஒன்று, ஹெல்சிங்கிக்கு ஒன்று என்று இரண்டு ஏ.ஐ. மிருதுளாக்களை ஏற்றிக் கொடுத்தார். அந்தந்த ஊருக்குப் போய் இரண்டு வருஷம் கழித்து மகள் எப்படிப் பேசுவாளோ, அப்படியே பேசுவார்களாம்.

"ஒரு மாசம் பேசிப் பாருங்க மேடம். எந்தப் பொண்ணு நல்லா இருக்காளோ, அந்த ஊருக்கு அனுப்புங்க."

டப்ளின் மிருதுளா தினமும் அழைத்தாள். தனியாக இருக்க முடியவில்லை என்று அழுதாள். ரசத்துக்குப் பெருங்காயம் எப்போது போடுவது என்று கேட்டாள். ஹெல்சிங்கி மிருதுளா எப்போதாவதுதான் வந்தாள். "நல்லா இருக்கேம்மா, லேபுக்கு நேரமாச்சு" என்று சிரித்தபடியே வைத்துவிட்டாள்.

பெற்ற மனம் வேறு என்ன செய்யும்? சிரித்தவளைத்தான் தேர்ந்தெடுத்தது. மிருதுளா ஹெல்சிங்கிக்குப் போனாள். நன்றாகப் படித்தாள், நன்றாக இருந்தாள், எப்போதாவது அழைத்தாள்.

மற்றவளை அழித்துவிடச் சொல்லியிருந்தார் கன்சல்டன்சிக்காரர். வசுமதி போனை எடுத்த நேரம், "அம்மா, என் மேல கோவமா?" என்று கேட்டாள் அவள். நீட்டிய விரலை வசுமதி மடக்கிக்கொண்டாள்.

அதற்கப்புறம் இரண்டு வருஷமாக, சாயங்காலம் விளக்கேற்றியதும் அந்த அழைப்பு வந்துவிடும். இன்றும் வந்தது.

"இந்தத் தீபாவளிக்காவது வரட்டாம்மா?"

வசுமதி வாய் திறப்பதற்குள் குறுக்கே இன்னொரு அழைப்பு. மூன்று வாரம் கழித்து, ஹெல்சிங்கியிலிருந்து.

அதைத் துண்டித்தாள்.

"யாரும்மா அது?"

"யாரோ. நீ சாப்பிட்டியா, அதைச் சொல்லு."